சார்ஜ் மெதுவாக ஏறுகிறதா? பேட்டரியைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

ஒன்றரை மணி நேரத்தில் நிறைந்துகொண்டிருந்த என் போன், போன வருஷம் திடீரென்று ஐந்து மணி நேரம் கேட்க ஆரம்பித்தது. போனுக்கு மூன்று வயது ஆகியிருந்தது. பேட்டரி போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, காசு கொடுத்துப் புது பேட்டரியும் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டால் அதே ஐந்து மணி நேரம். கடைசியில் மாட்டியது ஒரு வெள்ளைக் கேபிள். மேஜை விளக்கோடு வந்த கேபிள் அது. போனோடு வந்ததும் வெள்ளைதான். வீட்டை ஒதுங்க வைத்த அன்று இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. விளக்கு என்னவோ அன்றிலிருந்து ஜம்மென்று சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

அந்த வீண் செலவில் கற்றுக்கொண்ட வரிசைதான் இந்தக் கட்டுரை. சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து கரண்ட் அடாப்டருக்கு வருகிறது, அங்கிருந்து கேபிள், கேபிளிலிருந்து போனின் சாக்கெட், சாக்கெட்டுக்குப் பின்னால் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் சிப், அப்புறம்தான் பேட்டரி. இந்த வரிசையில் யார் மெதுவோ அவர் வேகம்தான் மொத்தத்துக்கும். எனவே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

முதலில் அளந்து பாருங்கள்

"மெதுவாக ஏறுது" என்பது ஒரு உணர்வு. அதை எண்ணாக மாற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபட்டுவிடும். சார்ஜ் 20 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்கும்போது கேபிளைச் செருகுங்கள். சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையை அணைத்துவிட்டு 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 5000 மில்லி ஆம்பியர் மணி (எம்ஏஎச்) பேட்டரி என்பது ஏறக்குறைய 19 வாட் மணி. அந்த அளவு பேட்டரி உள்ள போனில், 15 நிமிடத்தில் ஏறிய சதவீதத்தை 0.77-ஆல் பெருக்கினால் பேட்டரிக்குள் போய்க்கொண்டிருக்கும் வாட் கிடைக்கும். 4000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 0.62-ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, 5000 பேட்டரியில் 15 நிமிடத்தில் 3 சதவீதம்தான் ஏறியது என்றால் உள்ளே போவது 2.3 வாட். இது கம்ப்யூட்டரின் பழைய யூஎஸ்பி துளையிலிருந்து வரும் அளவு. 6 சதவீதம் என்றால் பழங்காலத்து 5 வாட் சார்ஜர் கணக்கு. 13 சதவீதம் ஏறினால் 10 வாட் வருகிறது. 25 வாட் சார்ஜர் ஒழுங்காக வேலை செய்தால் இந்தக் கட்டத்தில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும்.

இந்த ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எதை மாற்றினாலும் இதே சோதனைதான், இதே 20–40 சதவீதத்தில்தான்.

ஏன் அந்தக் கட்டத்தில்? லித்தியம் பேட்டரி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் நிறைவதில்லை. முதலில் முழு மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும். பேட்டரியின் வோல்ட்டேஜ் அதன் உச்சவரம்பைத் தொட்டதும் சார்ஜிங் சிப் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். அதனால் 80-லிருந்து 100 வரை போவதற்கு, 20-லிருந்து 60 வரை போன நேரமே ஆகிவிடலாம். அது கோளாறு இல்லை. அதேபோல முழுக்கச் செத்து அணைந்துபோன போனும் முதல் சில நிமிடங்கள் அசையாது. காலியான பேட்டரியை முதலில் சிறிய மின்னோட்டத்தில்தான் எழுப்ப வேண்டும் என்று அதன் சிப்புக்குத் தெரியும். 90-இல் நின்றுகொண்டு "ஏறவே இல்லை" என்று புலம்புகிறவர்களுக்கு என் ஒரே பதில், 30-இல் சோதித்துப் பாருங்கள் என்பதுதான்.

அடாப்டரின் பொடி எழுத்து

அடாப்டரை எடுத்து, அவுட்புட் என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் படிப்பது எளிது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 5 வாட் சார்ஜர். அதனிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்று இரண்டு மூன்று ஜோடிகள் இருந்தால் அது வேகச் சார்ஜர். இரண்டாவது ஜோடியின்படி 20 வாட்.

வாட் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, சார்ஜரும் போனும் ஒரே பாஷை பேச வேண்டும். எல்லா வேகச் சார்ஜரும் முதலில் சாதாரண 5 வோல்ட்டில்தான் தொடங்கும். போன் "எனக்கு 9 வோல்ட் கொடு" என்று கேட்டால்தான் ஏற்றும். அந்தப் பேச்சுக்குப் பொது மொழி யூஎஸ்பி பவர் டெலிவரி, சுருக்கமாக பிடி. அதிலேயே வோல்ட்டேஜைப் பொடிப்பொடிப் படிகளாக மாற்றும் நீட்சி பிபிஎஸ். சாம்சங்கின் 25 வாட், 45 வாட் வேகத்துக்கு இந்த பிபிஎஸ் கட்டாயம். பிடி மட்டும் உள்ள 65 வாட் லேப்டாப் சார்ஜரில் அந்தப் போனைப் போட்டால் சூப்பர் ஃபாஸ்ட் என்ற வாசகம் வராது. சாதாரண ஃபாஸ்ட்டோடு நின்றுவிடும். அடாப்டரில் 3.3 முதல் 11 வோல்ட் வரை என்பதுபோல ஒரு வீச்சு அச்சிட்டிருந்தால் பிபிஎஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மீ போன்களில் வரும் வூக், சூப்பர்வூக் என்ற வேகச் சார்ஜிங் முறைகள் தனி ரகம். வோல்ட்டேஜை ரொம்ப உயர்த்தாமல் ஆம்பியரை ஏற்றுகிற முறை என்பதால் அதற்கென்று செய்த அடாப்டரும் அதற்கென்று செய்த கேபிளும் சேர்ந்தால்தான் முழு வேகம். இரண்டில் ஒன்று தொலைந்தாலும் போன் சார்ஜ் ஆகும், ஆனால் பெட்டியில் போட்டிருந்த எண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

ஐபோனில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. ஐபோன் 8-க்குப் பிறகு வந்த பெரும்பாலான மாடல்கள் 20 வாட் பிடி சார்ஜரில் சுமார் அரை மணி நேரத்தில் பாதி நிறையும். ஆனால் ஆப்பிளின் பழைய லைட்னிங் சாக்கெட் உள்ள மாடல்களில் கேபிளின் மறுமுனை டைப்-சி ஆக இருக்க வேண்டும். மறுமுனை பழைய அகலமான யூஎஸ்பி-யாக இருந்தால், சுவரில் எவ்வளவு பெரிய சார்ஜர் இருந்தாலும் பிடி பேச்சே நடக்காது. ஐஓஎஸ் 18-லிருந்து, மெதுவான சார்ஜரைச் செருகினால் பேட்டரி பக்கத்தில் ஐபோனே அதைச் சொல்லிவிடுகிறது.

இரண்டு மூன்று துளை உள்ள சார்ஜரில் 65 வாட் என்று எழுதியிருப்பது ஒரு துளையை மட்டும் பயன்படுத்தும்போது. இரண்டாவது துளையில் இன்னொரு கேபிளைச் செருகிய நொடியில் அது பங்கு பிரிக்கும். பக்கத்துத் துளையில் காது ஹெட்செட் மாட்டியிருப்பதாலேயே போன் மெதுவாகிப் போன கதைகள் நிறைய. சோதிக்கும்போது மற்றதையெல்லாம் கழற்றிவிடுங்கள்.

பெரிய சார்ஜரில் போட்டால் போன் வெடித்துவிடுமா என்று பலர் கேட்பார்கள். வெடிக்காது. எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வது போன்தான். 65 வாட் சார்ஜர் "இவ்வளவு வரை என்னால் முடியும்" என்று மட்டும் சொல்கிறது. பயப்பட வேண்டியது பெயர் ஊர் இல்லாத போலிச் சார்ஜருக்கு. அதில் அச்சிட்டிருக்கும் வாட்டையும் நம்ப முடியாது, உள்ளே இருக்கும் பாதுகாப்பையும் நம்ப முடியாது.

கேபிள்: என் கணக்கில் முதல் குற்றவாளி

வெளியே இருக்கும் ரப்பரின் தடிமனுக்கும் உள்ளே இருக்கும் செம்பின் தடிமனுக்கும் சம்பந்தமில்லை. பின்னல் போட்ட கம்பீரமான கேபிளுக்குள் தலைமுடிபோல நாலு இழை ஓடலாம். சில கேபிள்களின் மேலேயே 28 ஏடபிள்யூஜி, 24 ஏடபிள்யூஜி என்று பொடியாக அச்சிட்டிருக்கும். அது கம்பியின் தடிமன். எண் குறையக் குறைய கம்பி தடிமன். ஒரே கேபிளில் இரண்டு எண் இருந்தால், சின்ன எண்தான் மின்சாரம் போகும் கம்பி.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் கணக்கில் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. 28 ஏடபிள்யூஜி செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் மின்சாரம் போக 2, திரும்ப 2, மொத்தம் 4 மீட்டர், ஆக 0.85 ஓம். இதன் வழியே 2 ஆம்பியர் போனால் 1.7 வோல்ட் கம்பியிலேயே விழுந்துவிடும். 5 வோல்ட்டில் புறப்பட்டது போனுக்கு வரும்போது 3.3 வோல்ட். பேட்டரியே 4 வோல்ட் அருகில் இருக்கும்போது 3.3-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எனவே போன் என்ன செய்யும் என்றால், வோல்ட்டேஜ் நிமிரும் வரை இழுக்கும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொண்டே வரும். 4.5 வோல்ட்டுக்குக் கீழே விடுவதில்லை என்று அந்தப் போன் வைத்திருந்தால், 0.6 ஆம்பியரில் வந்து நிற்கும். அதாவது 2.6 வாட். 10 வாட் சார்ஜர், 10 வாட் வாங்கத் தெரிந்த போன், நடுவில் ஒரு நீளமான மெல்லிய கேபிள். கிடைப்பது நாலில் ஒரு பங்கு.

அதே கணக்கில் 1 மீட்டர் கேபிள் போட்டால் 5 வாட்டுக்கு மேல் வரும். 2 மீட்டரே வேண்டும், ஆனால் 24 ஏடபிள்யூஜி என்றால் ஆறரை வாட்டுக்கு மேல். படுக்கை வரை எட்டும் நீளக் கேபிளின் விலை இதுதான். வேகச் சார்ஜர்கள் 9 வோல்ட்டுக்குப் போனதற்கு ஒரு காரணமும் இதுவே: அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகக் குறைவதால் கம்பியில் விழும் வோல்ட்டேஜும் குறைகிறது.

இன்னொரு ரகம், டேட்டா கம்பியே இல்லாத கேபிள். சின்னச் சின்ன சாதனங்களோடு வருவது பெரும்பாலும் இதுதான், என் மேஜை விளக்குக் கேபிள் உட்பட. அகலமான யூஎஸ்பி துளை உள்ள சார்ஜர்கள் தங்கள் திறனை போனுக்குச் சொல்வது அந்த டேட்டா கம்பிகள் வழியாகத்தான். அவை இல்லையென்றால் போன் பத்திரமாக மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொண்டு அமைதியாக இருந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி, போனில் இருக்கும் படங்கள் கம்ப்யூட்டரில் தெரிகிறதா என்று பாருங்கள். கோப்பு பரிமாற்றத்தை அனுமதிக்கவா என்று போன் கேட்கவே இல்லையென்றால் டேட்டா கம்பி இல்லை, அல்லது அறுந்திருக்கிறது.

டைப்-சி கேபிள் வாங்கும்போது 60 வாட், அதாவது 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் பெரும்பாலான போனுக்கு அதுவே தாராளம். அதற்கு மேல் போகிற கேபிள்களின் முனைக்குள் "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொல்லும் ஒரு குட்டி சிப் இருக்கும். பெரிய லேப்டாப்களுக்கு அது தேவை.

நல்ல கேபிளும் சாகும். சாகிற இடம் எப்போதும் ஒன்றுதான், முனைக்குப் பக்கத்தில் வளையும் கழுத்து. அந்த இடத்தை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். சார்ஜிங் குறி வந்து வந்து போனால், அல்லது அந்த இடம் மட்டும் சூடாக இருந்தால், டேப் சுற்றிக் காலம் தள்ள வேண்டாம். தூக்கிப் போடுங்கள்.

சாக்கெட்டுக்குள் பஞ்சு

இது தினமும் பாக்கெட்டில் போன் வைத்திருப்பவர்களுக்கு. துணியிலிருந்து உதிரும் நுண்ணிய பஞ்சு சாக்கெட்டுக்குள் போகும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அதை நாமே உள்ளே இடித்து இறுக்குகிறோம். ஒரு வருஷத்தில் அது கம்பளித் துண்டுபோலக் கெட்டியாகி சாக்கெட்டின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். அடையாளம் சுலபம்: முன்பெல்லாம் கேபிள் "டக்" என்று உட்கார்ந்திருக்கும், இப்போது சத்தமே வராது. உலோக முனையில் ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரியும். போனை லேசாகத் தூக்கினால் கேபிள் தானே கழன்று விழும். இதைப் பலர் "பின் லூஸ் ஆயிடுச்சு" என்று நினைத்து சாக்கெட்டையே மாற்றிவிடுகிறார்கள்.

சுத்தம் செய்வது இப்படி. போனை அணைத்துவிடுங்கள். இன்னொரு போனின் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். டைப்-சி என்றால் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு தெரியும். மின்சாரம் போகும் புள்ளிகள் எல்லாம் அந்த நாக்கின் இரு பக்கமும்தான் இருக்கின்றன. அதை வளைத்துவிட்டால் கதை முடிந்தது. மரப் பல்குத்தி ஒன்றை எடுத்து, நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். நாக்கைத் தொடாமல், சாக்கெட்டின் ஓரச் சுவரை ஒட்டி அடிவரை விட்டு, வெளிப்பக்கமாக இழுங்கள். குத்தக் கூடாது, தோண்டக் கூடாது. பஞ்சை ஓரத்திலிருந்து நெம்பி வெளியே உருட்ட வேண்டும். முதல் இரண்டு இழுப்பில் ஒன்றும் வராது. அப்புறம் ஒரு சாம்பல் நிறத் துண்டு மொத்தமாக வரும்போது, இவ்வளவா உள்ளே இருந்தது என்று ஆச்சரியமாக இருக்கும். லைட்னிங் சாக்கெட்டில் நடுநாக்கு இல்லாததால் வேலை இன்னும் சுலபம். அடியில் மட்டும் நெம்பினால் போதும்.

குண்டூசி, ஊக்கு, சிம் எடுக்கும் கம்பி எதுவும் வேண்டாம். உலோகம் உள்ளே இரண்டு புள்ளிகளை இணைத்துவிடும் அல்லது பூச்சைச் சுரண்டிவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், மூச்சில் ஈரம் இருக்கிறது. உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருந்தால் அது துரு. பல்குத்தியை வைத்துவிட்டு சர்வீஸ் கடைக்குப் போங்கள்.

ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்தால் கேபிளைக் கழற்றி, சாக்கெட் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரை மணி நேரத்திலும் காயலாம், ஒரு நாளும் ஆகலாம். அரிசிக்குள் புதைப்பதை ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது. அரிசித் துகள் உள்ளே போய் இன்னொரு வேலை வைக்கும்.

சூடும் உபயோகமும்

போன் தொட்டால் சுடுகிறது என்றால் சார்ஜிங் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும்; ரொம்ப முற்றினால் நிறுத்தியே விடும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயில் படும் கார் டேஷ்போர்டில் அந்த எல்லை சீக்கிரமே தாண்டிவிடும். தலையணைக்கு அடியில் வைப்பதும் அப்படித்தான். தடிமனான உறையைக் கழற்றி, கடினமான தரையில் குப்புற வைத்து மறுபடி சோதித்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். கடுங்குளிரும் இதே போலத்தான்: உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகப் பாழாகும் என்பதால் போனே மறுக்கும்.

சார்ஜில் போட்டுக்கொண்டே பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது சார்ஜரின் அளவைப் பொறுத்தது. உள்ளே 5 வாட் வந்து, வழிகாட்டி மேப்பும் முழு வெளிச்சத் திரையும் சேர்ந்து 3 வாட் சாப்பிட்டால், பேட்டரிக்கு மிச்சம் 2. ஹாட்ஸ்பாட்டையும் போட்டுவிட்டால் சார்ஜில் இருக்கும்போதே சதவீதம் இறங்கும். 25 வாட் சார்ஜரில் அதே 3 வாட் ஒரு பொருட்டே இல்லை. எனவே ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லும் அறிவுரை, சின்ன சார்ஜர் மட்டும் கையில் இருக்கும் அவசரத்துக்குத்தான் உதவும். சில போன்கள் திரை எரியும்போது சூட்டுக்குப் பயந்து வேகச் சார்ஜிங்கையே நிறுத்தி வைக்கும். ஒரு வீடியோ முழுக்கப் பார்த்துவிட்டு ஏறவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அமைப்புகளில் ஒரு பார்வை

சாம்சங் போன்களில் பேட்டரி அமைப்புகளுக்குள் வேகச் சார்ஜிங்கை நிறுத்தவும் போடவும் தனி சுவிட்ச் இருக்கிறது. யாரோ ஒரு நாள் சூடாகிறதே என்று அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். பேட்டரிப் பாதுகாப்பு என்ற தெரிவு போட்டிருந்தால், அதன் அமைப்பைப் பொறுத்து 80 சதவீதம்போல ஒரு வரம்போடு நின்றுவிடலாம். ஐபோனிலும் பிக்சலிலும், நீங்கள் தினமும் எத்தனை மணிக்கு எழுந்து கேபிளைக் கழற்றுகிறீர்கள் என்று கவனித்து, 80-இல் காத்திருந்து கடைசி நேரத்தில் மிச்சத்தை நிரப்பும் வசதி இருக்கிறது. இரவில் எழுந்து பார்த்தால் 80-இலேயே நிற்பதுபோலத் தெரிவது இதனால்தான். இதை அணைக்கச் சொல்ல மாட்டேன், பேட்டரிக்கு நல்லது அது. அவசரமுள்ள நாளில் மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை போனை அணைத்துப் போடுவது, சிஸ்டம் அப்டேட் பார்ப்பது, ஆண்ட்ராய்டு என்றால் நாம் நிறுவிய செயலிகள் ஓடாத சேஃப் மோடில் சோதிப்பது, இவை ஐந்து நிமிட வேலைகள், செய்துவிடுங்கள். சேஃப் மோடில் வேகமாக ஏறினால் நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சார்ஜிங் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் பூஸ்டர் செயலிகளை நிறுவ வேண்டாம். கம்பியின் தடிமனைச் செயலி மாற்றாது. மின்னோட்டத்தை மில்லி ஆம்பியரில் காட்டும் செயலிகள் வேறு. அவை உதவும், ஆனால் அவை காட்டுவது போனின் செலவு போக பேட்டரிக்குள் போகும் மிச்சம். கையில் ஒரு யூஎஸ்பி மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கேபிளுக்கும் சார்ஜருக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் திரையில் தெரியும். 9 வோல்ட் என்று காட்டினால் வேகச் சார்ஜிங் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது.

சுவர் அல்லாத மற்ற வழிகள்

கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 2.0 துளை தருவது 2.5 வாட், 3.0 தருவது 4.5 வாட். அவசரத்துக்குத் தவிர அங்கே சார்ஜ் போடாதீர்கள். பவர் பேங்கில் இரண்டு போனை ஒரே நேரத்தில் மாட்டினால் பல மாடல்கள் இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இறக்கிவிடும்.

வயர்லெஸ் சார்ஜிங் இயல்பிலேயே மெதுவானது. வயர்லெஸ் சார்ஜிங்குக்கான பொது முறையான 'ச்சி'-யில் அடிப்படை 5 வாட், ஐபோனில் 7.5 வாட். காந்தம் வைத்த ஆப்பிளின் மேக்சேஃபும் 2023-இல் வந்த 'ச்சி2'-வும் முதலில் 15 வாட் வரை போயின, புதிய மாடல்கள் சிலவற்றில் 25 வாட் வரை போகும். போன் நடுவிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் வேகம் விழும், சூடு ஏறும். உறைக்குள் கார் ஸ்டாண்டுக்காக ஒட்டிய இரும்புத் தகடு இருந்தால் கழற்றிவிடுங்கள். போனை வைக்கும் வயர்லெஸ் தட்டுக்குக் கொடுக்கும் அடாப்டரும் பலமாக இருக்க வேண்டும். 15 வாட் தட்டை 5 வாட் அடாப்டரில் மாட்டிவிட்டு தட்டைத் திட்டக் கூடாது.

டேப்லெட், வாட்ச், காது ஹெட்செட்

டேப்லெட்டின் பேட்டரி போனைவிட ஒன்றரை இரண்டு மடங்கு பெரியது. பழைய 5 வாட் போன் சார்ஜரில் போட்டால் ராத்திரி முழுக்க ஏறினாலும் நிறையாமல் போகலாம். அதில் கோளாறு எதுவும் இல்லை. ஹெட்செட் டப்பா இதற்கு நேர் எதிர்: அது கேட்பதே கொஞ்சம்தான், 65 வாட் சார்ஜரில் போட்டாலும் வேகம் கூடாது. வாட்ச்சுக்கு முதல் சந்தேகம் அடியிலுள்ள உலோகப் புள்ளிகளில் படியும் வியர்வை அழுக்கு. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே பாதி சரியாகும்.

ஒரு விசித்திரமான கோளாறு உண்டு. விலை மலிவான சில சாதனங்களில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் போட்டால் உயிரே வராது. பழைய அகலமான யூஎஸ்பி முனை கொண்ட கேபிளில் மட்டும் ஏறும். டைப்-சி சார்ஜர், எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூலம்தான் அறியும். அந்தச் சின்னஞ்சிறு உதிரியைத் தயாரித்தவர் மிச்சம் பிடித்திருப்பார். சாதனம் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் முன் பழைய கேபிளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இன்னும் சரியாகவில்லையா?

வேறு ஒரு போனோடு நன்றாக வேலை செய்யும் சார்ஜரையும் கேபிளையும் கொண்டுவந்து மாட்டிய பிறகும், சாக்கெட் சுத்தமாக இருந்தும், சோதனையில் அதே சின்ன எண்தான் வருகிறது என்றால் கோளாறு போனுக்குள். அப்போதும் பேட்டரியா சாக்கெட்டா என்று வீட்டிலேயே ஓரளவு பிரிக்கலாம். மெதுவாக ஏறுகிறது, ஆனால் ஏறியது நாள் முழுக்கத் தாங்குகிறது என்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. கரண்ட் உள்ளே வரும் வழியில்தான் அடைப்பு. தேய்ந்த பேட்டரி வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதன் கொள்ளளவு சுருங்கிவிடுவதால் சீக்கிரம் நிறைந்தமாதிரி காட்டி, சீக்கிரம் காலியாகும். 30 சதவீதத்திலேயே திடீரென்று அணையும். பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை கூடியிருப்பதால் 60 சதவீதத்துக்கு மேல் நொண்டலாம். நான் புது பேட்டரி வாங்கிய அன்று என் போன் மாலை வரை தாங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கவனித்திருந்தால் அந்தக் காசு மிச்சம்.

ஐபோனில் பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றலாம். போனின் முதுகு உப்பியிருந்தாலோ திரை ஒரு பக்கம் எழும்பியிருந்தாலோ மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள், அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

கடையில், சார்ஜிங் போர்டு தனியாக வருமா என்று முதலில் கேளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் சாக்கெட் மதர்போர்டில் இல்லாமல் தனிக் குட்டி போர்டில் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். திறந்து மூடிய போனின் தண்ணீர் புகாத தன்மை பழையபடி இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். கொடுப்பதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது உங்கள் சொந்த சார்ஜரையும் கேபிளையும் எடுத்துப் போய், அந்த 15 நிமிடச் சோதனையைக் கடையிலேயே நின்று செய்து, எழுதி வைத்திருக்கும் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.